மதுரையில் இருந்து தனி விமானம் எடுக்கிறீர்களா? நாள் குறிப்பதில் நடக்கும் தவறுகள்

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை மும்பையில் இருந்து கூட்டி வர, காரைக்குடி பக்கம் அரண்மனை வீட்டு விசேஷத்துக்கு விருந்தாளிகளை இறக்க, காலையில் போய் ராத்திரியே திரும்ப வேண்டிய தொழில் வேலைக்கு என்று மதுரைப் பக்கமும் சார்ட்டர் விமானம், அதாவது முழு விமானத்தையும் வாடகைக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போதே செய்கிற முதல் தவறு, விமானம் ஏதோ அவனியாபுரம் தாண்டி நமக்காகவே நிற்கிறது என்பதுபோல் கணக்குப் போடுவது. வாடகைக்கு ஓடும் விமானங்கள் பெரும்பாலும் டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற ஊர்களில்தான் நிற்கும். அங்கிருந்து காலியாகப் பறந்து வரும், உங்களை இறக்கிவிட்டுக் காலியாகவே திரும்பும், அந்த இரண்டு ஓட்டத்துக்கும் காசு நீங்கள்தான் கட்ட வேண்டும். டெல்லியில் இருந்து காலியாக வருவதற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். எனவே அன்றைக்கு டெல்லியிலும் மும்பையிலும் யாருக்கு விமானம் தேவைப்படுகிறது என்பதுதான் உங்கள் பில்லைத் தீர்மானிக்கும்.

இது புரியாததால்தான் மார்கழியில் ஏமாறுகிறார்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபமே பாதி விலைக்குக் கிடைக்கிறது, விமானமும் மலிவாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு. வடக்கேயும் அந்த மாதம் கல்யாணம் இல்லைதான். ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்குக் கோவா, துபாய், மாலத்தீவு என்று பணக்காரக் குடும்பங்கள் கிளம்பும் நேரம் அது. போதாக்குறைக்கு டெல்லியில் பனிமூட்டம். அங்கே காலையில் கிளம்ப வேண்டிய விமானம் மதியம் கிளம்பினால் உங்கள் நாளே போச்சு. ஆடி வேறு கதை. அப்போது வடக்கே சாதுர்மாசம் (விசேஷங்கள் வைக்காத நான்கு மாதம்), கல்யாணம் கிடையாது, மழைக்காலம் வேறு, விமானங்கள் சும்மா நிற்கும். அதைவிட எனக்குப் பிடித்தது ஆவணி. நமக்கு நல்ல முகூர்த்தங்கள் உண்டு, அவர்களுக்கு இன்னும் சாதுர்மாசம் முடிந்திருக்காது. தை, வைகாசியில் இரு பக்கமும் கல்யாணம், போட்டி கடுமையாக இருக்கும். நாள் உங்கள் கையில் இருந்தால் ஜோசியரிடம் ஆவணியில் கேட்டுப் பாருங்கள்.

தேர்தல் என்று வந்துவிட்டால் பஞ்சாங்கம் எல்லாம் இரண்டாம்பட்சம். கட்சிகள் தேதி அறிவிக்கும் முன்பே ஹெலிகாப்டர், சிறு விமானங்களை மொத்தமாகப் பிடித்து வைத்துவிடும். நம்ம ஊரில் ஓட்டுப் போட்டு முடிந்தது, இனி விலை இறங்கும் என்று காத்திருப்பது இங்கே வழக்கமான தவறு. 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ஆம் தேதியே வாக்குப்பதிவு முடிந்தது, அழகர் ஆற்றில் இறங்கியது 23-ஆம் தேதி, ஆனால் நாட்டில் கடைசிக் கட்டம் ஜூன் 1 வரை இழுத்தது, அதாவது நம் வைகாசி மாதத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது. நடத்தை விதிமுறை அமலில் இருக்கும்போது தனி விமானத்திலும் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமோ, கல்யாண நகையோ கொண்டு போனால் ரசீது கையில் இருக்கட்டும்.

வெளிநாட்டுச் செய்திகளை எடுத்துக்கொண்டால், ஒரு சாரார் எங்கே குண்டு விழுந்தாலும் பயணத்தை ரத்து செய்கிறார்கள், இன்னொரு சாரார் செய்தியே பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவை மூன்று: எரிபொருள், வான்வெளி, பெரிய கூட்டம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கச்சா எண்ணெய் ஏறி, இங்கே விமான எரிபொருள் விலையும் ஏறியது. அந்த விலை மாதம் பிறந்தால் மாறும், அதனால் 25-ஆம் தேதி வாங்கிய கொட்டேஷன் அடுத்த மாதமும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வான்வெளிக்கு 2025 மே நல்ல பாடம். அப்போது இந்தியா-பாகிஸ்தான் மோதலால் வடக்கு, மேற்குப் பகுதிகளில் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டன. மதுரை திறந்தேதான் இருந்தது, ஆனால் அமிர்தசரஸிலோ ராஜ்கோட்டிலோ மாட்டிய விமானம் இங்கே வர முடியாதே! கூட்டத்துக்கு உதாரணம் 2024 ஜனவரி 22, அயோத்தி ராமர் கோயில் பிரதிஷ்டை. வந்த தனி விமானங்களை நிறுத்த அங்கே இடம் போதாமல் பக்கத்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். சின்ன நிலையங்களில் "இறக்கிவிட்டுக் காத்திருக்கட்டும்" என்று நாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது. பெரிய தலைவர் வருகிற நாளில் மதுரையிலும் இதே சிக்கல் வரலாம்.

வானிலையிலும் இதே கதைதான். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள், சென்னையில் நிற்கிற விமானத்தை நம்பியவருக்கு மதுரையில் வெயில் அடித்து என்ன பிரயோஜனம்? ஐப்பசி, கார்த்திகையில் கூடவே வைகை, பாண்டியன் ரயிலில் ஒன்றில் டிக்கெட் போட்டு வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்புறம், கிராக்கி உச்சத்தில் இருக்கும்போது யாராவது பாதி விலைக்கு விமானம் தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள். வாடகைக்கு விட, விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. கொடுக்கும் என்.எஸ்.ஓ.பி. (கால அட்டவணை இல்லாமல் விமானம் ஓட்டுவதற்கான) அனுமதி வேண்டும். ஒரு தொழிலதிபரின் சொந்த உபயோக விமானத்தைக் கைமாற்றி விட்டால் அது சட்டப்படி செல்லுபடியாகும் வாடகை இல்லை, ஏதாவது ஆனால் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிடலாம். அனுமதி நகலையும், அதில் உங்கள் விமானத்தின் பதிவெண் இருக்கிறதா என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். காலியாகத் திரும்பும் விமானத்தில் மலிவாக ஏறலாம் என்பதும் உண்மைதான், ஆனால் முதலில் எடுத்தவர் தன் பயணத்தை மாற்றினால் உங்களுடையதும் போய்விடும். சும்மா ஊர் சுற்ற அது சரி, தாலி கட்டும் நேரத்துக்கு அதை நம்பி ஆட்களைக் கிளப்ப வேண்டாம்.