பிரிட்டன் குகை முக்குளிப்பு: கதை சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய சிறுவர்களை முதலில் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வோலன்தன் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள். அதன் பிறகு பிரிட்டனில் குகை முக்குளிப்பு வளர்ந்த கதையைப் பலரும் எழுதுகிறார்கள். ஒரே மாதிரியான தவறுகளும் கூடவே வருகின்றன.

இதைத் தொடங்கியவர்களைக் கடலில் மூழ்கிப் பழகிய ஆட்களாகக் காட்டுவதுதான் பெரிய தவறு. கிரஹாம் பால்கோம், ஜாக் ஷெப்பர்ட் இருவரும் தபால் துறைப் பொறியாளர்கள். ஓய்வு நாட்களில் குகைக்குள் ஊர்ந்து திரிந்தவர்கள். இங்கிலாந்தின் சாமர்செட்டில் உள்ள ஸ்வில்டன்ஸ் குகையில் ஓரிடத்தில் கூரை தாழ்ந்து தண்ணீருக்குள் போய்விடும். அதைத்தான் சம்ப் என்கிறார்கள் (நம் வீட்டு வாசல் சம்ப் இல்லை!). அதைத் தாண்ட வழியில்லாமல்தான் தண்ணீருக்குள் இறங்கினார்கள். 1934-ல் பால்கோம் கொண்டுபோனது சைக்கிள் பிரேமின் துண்டையும் தோட்டத்துக் குழாயையும் வைத்து வீட்டில் செய்த சுவாசக் கருவி. சரிப்படவில்லை. வெறும் குழாயால் மேலே உள்ள காற்றை உறிஞ்சுவது ஒரு மீட்டர் ஆழத்திலேயே பெரும்பாடு. தண்ணீர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருக்கும். 1936-ல் ஷெப்பர்ட் அதே சம்பைத் தாண்டினார். அதன் நீளம் ஓரிரு மீட்டர்தான். இன்று கட்டிவைத்த கயிற்றைப் பிடித்து, மூச்சை அடக்கியே கடந்துவிடுகிறார்கள். அதை வைத்து அவர்களைக் குறைத்துப் பேசுபவர்கள், அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று அன்று யாருக்கும் தெரியாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இடையில் 1935-ல் வூக்கி ஹோல் குகை. கனத்த செம்புத் தலைக்கவசம், ஈயக் காலணி, கரையிலிருந்து பம்பு அடித்து அனுப்பும் காற்று. நீந்தவில்லை, ஆற்றின் அடியில் நடந்தார்கள். ஏழாவது அறை வரை போன அந்த முயற்சியில் பால்கோமுடன் முக்குளித்தவர் பெனலோப்பி பாவல் என்ற பெண். பல கட்டுரைகளில் அவர் பெயரே இருக்காது. அப்புறம், உலகிலேயே முதல் குகை முக்குளிப்பு இதுதான் என்றும் எழுதிவிடாதீர்கள். 1878-லேயே பிரான்சின் வோக்லூஸ் ஊற்றில் ஒட்டோனெல்லி என்பவர் இறங்கிவிட்டார்.

போருக்குப் பின் 1946-ல் குகை முக்குளிப்புக் குழு உருவானது. அவர்களிடம் இருந்தது தூய ஆக்சிஜனைச் சுழற்றி மூச்சு விடும் கருவி. 'தூய ஆக்சிஜன் என்றால் இன்னும் நல்லதுதானே' என்று தோன்றும். இல்லை. சுமார் 10 மீட்டருக்குக் கீழே அதுவே விஷம். வலிப்பு வரும், வாயிலிருந்து குழாய் நழுவும். அழுத்தப்பட்ட காற்றில் இயங்கும் அக்வாலங் வந்த பிறகும் ஏன் ஆக்சிஜனையே பிடித்துக்கொண்டிருந்தார்கள்? பிடிவாதம் என்று சொல்லிவிடுவது எளிது. 1955-ல் அக்வாலங் மாட்டிக்கொண்டு வூக்கி ஹோலில் போன பாப் டேவிஸ் வழிக்கயிற்றைத் தவறவிட்டு, உயிர் தப்பியதே பெரிது என்று திரும்பினார். அதைப் பார்த்தவர்களுக்குப் புதுக் கருவி மேல் நம்பிக்கை வருமா?

சிலிண்டரை முதுகில் சுமக்காமல் பக்கவாட்டில் கட்டுவது அண்மைக் காலத்துக் கண்டுபிடிப்பு என்பதும் தவறு. முதுகில் சிலிண்டர் இருந்தால் நுழையவே முடியாத சந்துகளில் போக வேண்டியிருந்த பிரிட்டிஷ் குகைக்காரர்கள் 1960-களிலேயே அதை இடுப்போரம் கட்டிக்கொண்டார்கள்.