இரும்பு நார் உருண்டை கட்டினால்: என் அனுபவம்

நுவரெலியாவில், இரும்பு நார், அதாவது குட்டையான மெல்லிய கம்பித் துண்டுகள், கலந்த கொங்கிரீட்டைச் சோதிக்கும் வேலை எனக்கு. குண்டு வெடித்தால் அதிர்வலை சுவருக்குள் ஓடி, மறுபக்கத்தில் இழுவிசையாகத் திரும்பும். அங்கிருந்து பெயர்ந்து பறக்கும் துண்டுகள் உள்ளே இருப்பவரின் உயிரையே எடுத்துவிடும். நார் அந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இராணுவக் கட்டடங்களில் இதற்கு மதிப்பு அதனால்தான்.

வெடிமருந்து இல்லாமல் செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. வட்டமாக வார்த்த கொங்கிரீட் வில்லையின் மேல் இரும்புப் பந்தை வைத்து, 4.54 கிலோ சம்மட்டியை 457 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து வில்லை உடையும்வரை திரும்பத் திரும்ப அதன்மேல் விழவிட்டு அடிகளை எண்ண வேண்டும்.

ஒரே கலவையில் வார்த்த வில்லைகள் ஆளுக்கொரு கணக்குக் காட்டின. உடைந்த முகத்தைப் பார்த்தால் ஒரு மூலையில் நார் இடியப்பம்போலச் சுருண்டு கிடக்கிறது, மற்ற இடமெல்லாம் வெறும் சாந்து!

“கொஞ்சம் தண்ணி ஊத்துவோம் தம்பி” என்றார் மேசன் அண்ணன். வேண்டாம் அண்ணே, பலம் போய்விடும் என்றேன். சல்லியை 10 மில்லிமீற்றருக்குக் குறைத்து, மணலைக் கூட்டினோம். தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக வைக்கும் இளக்கி மருந்தை முதலில் சேர்த்தோம். அப்புறம் மெஷின் சுற்றும்போதே, அகலக்கண் சல்லடை வழியாக நாரைக் கடைசியாக, மழைத்தூறலாக விழவிட்டோம். உருண்டை ஒன்றுகூட இல்லை.

அடிக்கணக்கு இன்னும் கொஞ்சம் முன்பின் ஆகும், அது இந்தச் சோதனையின் இயல்பு. அதனால் வில்லைகளைக் கூடுதலாக வார்க்கிறேன்.