இலையுதிர் காலத்தில் ஏரிக்கரைப் பூங்காவில் ட்ரெய்லர் முகாம்: இரவை முன்வைத்துத் திட்டமிடுங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா ஆகிய மாநிலங்களின் வடபகுதிகளில் செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மேப்பிள் மரங்கள் நிறம் மாறி நிற்கும். கொசுத்தொல்லை ஓய்ந்திருக்கும், கோடை முழுவதும் இடமே கிடைக்காத ஏரிக்கரை மாநிலப் பூங்காக்களில் வாரநாள்களிலாவது கூட்டம் குறைந்திருக்கும். ட்ரெய்லருடன், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீட்டுடன், தங்குவதற்கு இதைவிட நல்ல பருவம் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால், பகலில் 60 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும் வெப்பமானி விடியற்காலையில் உறைநிலையான 32க்குக் கீழே இறங்கிவிடுவதும் இதே பருவத்தில்தான். ஆகவே, இடம் பிடிப்பதிலிருந்து தண்ணீர்க் குழாயைக் கழற்றுவது வரை எல்லாவற்றையும் இரவை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முன்பதிவு மிச்சிகனில் ஆறு மாதங்களுக்கு முன்பும், விஸ்கான்சினில் 11 மாதங்களுக்கு முன்பும் திறக்கிறது. மிச்சிகன் ஏரிக்கும் ஹாம்லின் ஏரிக்கும் இடையே உள்ள லடிங்டன், விஸ்கான்சினில் குவார்ட்சைட் பாறைக் குன்றுகள் சூழ்ந்த டெவில்ஸ் லேக் போன்ற பூங்காக்களில் அக்டோபர் வாரக்கடைசிகளுக்கும் போட்டி உண்டு. பதிவு செய்யும் முன் ஒன்றைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்: தண்ணீரை எந்தத் தேதியில் நிறுத்துவார்கள்? உறைபனிக்கு முன்பே குழாய்களையும் குளியலறைக் கட்டடத்தையும் மூடிவிடும் பூங்காக்கள் பல. மின்சாரம் இருக்கும், தண்ணீர் இருக்காது.

கரையோரத்து முதல் வரிசை எல்லோரும் விரும்பும் இடம். ஏரி கோடையின் வெப்பத்தைத் தேக்கி வைத்திருப்பதால், முதல் உறைபனி உள்நாட்டை விடக் கரையில் சற்றுத் தாமதமாகவே வரும் என்பது உண்மைதான். ஆனால், திறந்த நீர்ப்பரப்பின் மீது தடையின்றி வரும் காற்று ட்ரெய்லரின் சுவரை இரவு முழுவதும் அறைந்துகொண்டிருக்கும். மரங்களுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் வரிசையே எனக்குப் பிடித்தது. ஓக் மரத்தடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் கொட்டைகள் கூரையில் விழும் ஓசைக்கு நள்ளிரவில் தூக்கம் போய்விடும்.

கிளம்புமுன் டயர்களில் காற்று பாருங்கள். வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அலகு) குறையும் என்பதால், ஆகஸ்டில் நிரப்பிய காற்றை அக்டோபரில் நம்ப முடியாது. இணைப்புக் கொக்கியின் மேல் இறங்கும் எடை ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கட்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள். ட்ரெய்லரைப் பின்னோக்கி நிறுத்தியதும், சக்கரங்களின் கீழே ஈர இலைகள் கிடந்தால் கூட்டித் தள்ளிவிட்டே சமன்படுத்தும் பலகைகளை வையுங்கள், இல்லாவிட்டால் பலகை வழுக்கும். முதலில் இடவலமாகச் சமன் செய்து, சக்கரத் தடைக்கட்டைகளை இருபுறமும் இறுக்கி வைத்த பிறகுதான் வண்டியிலிருந்து கொக்கியைக் கழற்ற வேண்டும். முன்பின் சமனை அதன்பின் முன்புற ஜாக்கால் பார்த்துக்கொள்ளலாம். மூலைகளில் உள்ள ஜாக்குகள் ஆட்டத்தைக் குறைப்பதற்கானவை. அவற்றால் ட்ரெய்லரைத் தூக்கக் கூடாது.

இனி வெப்பம். பூங்காவின் 30 ஆம்பியர் மின் இணைப்பில் 120 வோல்ட் வீதம் உங்களுக்குக் கிடைப்பது 3,600 வாட். 1,500 வாட் மின்கணப்பு ஒன்றே 12.5 ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். அத்துடன் வெந்நீர்க் கொதிகலனும் மின்சாரத்தில் ஓடி, மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். மின்கணப்பைச் சுவர்ச் செருகியில் நேரடியாகப் பொருத்துங்கள், நீட்டிப்பு வயர் வேண்டாம். சிறிது நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும் அளவுக்குச் சூடேறியிருந்தால் அணைத்துவிடுங்கள்.

புரோப்பேனை மிச்சப்படுத்த நினைத்து மின்கணப்பை மட்டுமே நம்புவது கடுங்குளிரில் சரிவராது. பல ட்ரெய்லர்களில் ஃபர்னஸின் (புரோப்பேனில் எரியும் சூடேற்றியின்) வெப்பக்காற்றுக் குழாய்தான் அடித்தளத்தில் உள்ள தண்ணீர்த் தொட்டிகளையும் குழாய்களையும் உறையாமல் காக்கிறது. மின்கணப்பு அறையைச் சூடாக்கிவிட்டால் தெர்மோஸ்டாட் ஃபர்னஸை இயக்காது. நீங்கள் கதகதப்பாக உறங்குவீர்கள், காலுக்கடியில் குழாய் உறையும். 20 பவுண்டு புரோப்பேன் சிலிண்டரில் ஏறத்தாழ 4,30,000 பிடியூ (வெப்ப அளவின் அலகு) வெப்பம் உண்டு. மணிக்கு 30,000 பிடியூ எரிக்கும் ஃபர்னஸ் தொடர்ந்து எரிந்தால் அது 14 மணி நேரம் வரும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் எரிவதாகக் கொண்டால், ஒரு சிலிண்டரில் மூன்று இரவுகளைக் கூடத் தாண்ட முடியாது. எனவே இரண்டு சிலிண்டர்களையும் நிரப்பியே கிளம்புங்கள்.

எவ்வளவு குளிரானாலும் சமையல் அடுப்பை அறை வெப்பத்துக்காக எரிக்காதீர்கள். கரி அடுப்பு உள்ளே வரவே கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திச் சோதித்து, பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள். கூரைத் திறப்பை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து, சுவரை ஒட்டிய மெத்தையின் அடிப்பக்கத்தை நனைத்துவிடும்.

தண்ணீருக்கு எளிய வழி உண்டு. மாலையில் நன்னீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு, வெளிக்குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் நீரை முழுவதும் வடித்துச் சுருட்டி வைத்துவிட்டு, இரவில் பம்ப்பைப் பயன்படுத்துங்கள். கழிவுநீரை வெளியேற்றும்போது கழிப்பறைத் தொட்டி முதலில், குளியல், சமையல் நீர்த் தொட்டி அடுத்து. பின்னால் வரும் நீர் குழாயைக் கழுவிவிடும்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத ஆஷ் துளைப்பான் (emerald ash borer) என்ற வண்டு, விறகோடு பயணம் செய்தே பல மாநிலங்களுக்குப் பரவியது. விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் 10 மைல் சுற்றளவுக்குள் கிடைத்த விறகோ சான்றளிக்கப்பட்ட விறகோதான் அனுமதிக்கப்படும். தீவளையத்தைச் சுற்றியுள்ள உலர்ந்த இலைகளைக் கூட்டித் தள்ளிய பிறகே தீ மூட்டுங்கள்.

கயாக்கில் போகிறவர்கள் கரைக்கு அருகிலேயே இருந்தாலும் உயிர்காப்புச் சட்டை அணிய வேண்டும். குளிர்ந்த நீரில் விழுந்த சில நிமிடங்களிலேயே கைகால் வசப்படாமல் போகும். வேட்டை அனுமதிக்கப்படும் பூங்காக்களும் உள்ளன. அங்கே நடைபாதைகளில் செம்மஞ்சள் நிற மேலாடை நல்லது.

புறப்படும்போது, ஸ்லைடு-அவுட்டை (இடத்தைப் பெரிதாக்க வெளியே நீளும் ட்ரெய்லரின் பக்கப் பகுதியை) உள்ளே இழுக்கும் முன் அதன் கூரையில் கிடக்கும் இலைகளையும் கொட்டைகளையும் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். அவை உள்ளே போனால் ரப்பர் விளிம்பைக் கிழிக்கும். இதுவே ஆண்டின் கடைசிப் பயணமானால், வீடு திரும்பியதும் கொதிகலன் ஆறிய பின் அதை வடித்து, அதற்கு நீர் போகும் வழியை மாற்றுக்குழாய் வால்வால் அடைத்து, ட்ரெய்லருக்கென விற்கும் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தைப் பம்ப் வழியாக ஒவ்வொரு குழாயிலும் நிறம் தெரியும் வரை ஓடவிடுங்கள். வெளிப்புறக் குளியல் குழாய்க்கும் அதுவே. பலரும் மறப்பது அதைத்தான், வசந்தத்தில் முதலில் ஒழுகுவதும் அதுதான்.