ஊறுகாய்ப் போத்தலில் பார்கோடு ஒட்டுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளில் செய்யும் முறுக்கும் ஊறுகாயும் இப்போது டவுன் மினி மார்க்கெட் வரை வந்துவிட்டன, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் போன தீபாவளி சமயத்தில் எங்கள் அண்ணியின் மாங்காய் ஊறுகாய்ப் போத்தலை கேஷியர் பெண் திருப்பினாள், துணியால் துடைத்தாள், மறுபடியும் காட்டினாள், பீப் சத்தமே வரவில்லை. கடைசியில் 13 எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள், அதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

காரணம் நிறம்தான். அழகுக்காக வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். கடை ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில்தான் படிக்கும், அந்த ஒளியில் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒரே மாதிரி பளிச்சென்று தெரிவதால் அதற்குக் கோடே இல்லாத மாதிரிதான். வெள்ளையில் கறுப்பு போடுங்கள், வேறு யோசனையே வேண்டாம்.

அப்புறம் இரண்டு பக்கமும் இருக்கும் வெற்றிடம். இடம் வீணாகிறதே என்று அதை வெட்டிவிடுகிறார்கள். கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஸ்கேனருக்குத் தெரிவதே அதை வைத்துத்தான். வழக்கமான அளவில் இடப்பக்கம் சுமார் 3.6 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2.3 மில்லிமீட்டர் காலியாக இருக்க வேண்டும். ஒல்லியான போத்தல் என்றால் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஓரக் கோடுகள் வளைவில் மறைந்துவிடும்.

எண்ணில் நடக்கும் தவறு இதைவிட மோசம். பார்கோடில் விலை இல்லை, வெறும் எண்தான் இருக்கிறது, விலை கடைக் கணினியில் இருக்கிறது. அதனால் 8 வெள்ளியை 9 ஆக்கினால் புது பார்கோடு தேவையில்லை, ஆனால் 200 கிராமுக்கும் 400 கிராமுக்கும் தனித்தனி எண் வேண்டும். வேறொரு பாக்கெட்டிலிருந்து எண்ணைப் பார்த்து எழுதினால் கல்லாவில் அவர்கள் சரக்கின் பெயர்தான் வரும். மனம்போன போக்கில் 13 எண்களை எழுதினாலும் பெரும்பாலும் படியாது, கடைசி எண் முதல் 12 எண்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது. பார்கோடு எண்களைக் கொடுக்கும் அமைப்பான ஜிஎஸ்1 மலேசியாவில் முறையாகப் பதிந்து வாங்குங்கள், அது 955 என்று தொடங்கும். 955 இருந்தாலே மலேசியாவில் செய்தது, ஹலால் என்றெல்லாம் சிலர் நம்புகிறார்கள், அப்படி இல்லை. எண் வாங்கிய நிறுவனம் இங்கே பதிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆயிரம் ஸ்டிக்கர் அடிக்கும் முன் ஒன்றை நிஜப் போத்தலில் ஒட்டிக் கடை ஸ்கேனரிலேயே காட்டிப் பாருங்கள். போனில் படிந்ததே என்று விட்டுவிடாதீர்கள், அண்ணியின் சிவப்புக் கோடு போனில் நன்றாகவே படிந்தது.