யுரேனியம் தேடும்போது மீட்டர் ஏமாற்றும் இடங்கள்

பாறையிலிருந்து வரும் காமா கதிரை அளக்கும் காமா மீட்டர் யுரேனியத்தை எண்ணுவதில்லை. யுரேனியம்-238 சிதைந்து சிதைந்து வெகு கீழே உருவாகும் பிஸ்மத்-214 விடும் கதிரைத்தான் எண்ணுகிறது. களத்தில் நடக்கும் பெரிய பிழைகள் பலவும் இதை மறப்பதால் வருபவை.

மொத்த எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள். கைகர் கவுண்டர் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் மூன்றையும் ஒன்றாகவே காட்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மீட்டர் எகிறுவதற்குக் காரணம் மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமம். அதில் முதன்மையாக இருப்பது தோரியம். பிரித்துப் பார்க்க, கதிர்களை ஆற்றல்வாரியாக எண்ணும் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும்: பொட்டாசியத்துக்கு 1.46, பிஸ்மத்துக்கு 1.76, தோரியம் வரிசையின் தாலியம்-208க்கு 2.61 எம்.இ.வி. (கதிரின் ஆற்றல் அலகு; 1 எம்.இ.வி. = 1000 கே.இ.வி.). இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2.61-இல் கிளம்பிய கதிர்களில் ஒரு பங்கு வழியில் ஆற்றலை இழந்து 1.76 பட்டையில், அதாவது யுரேனியப் பட்டையில், வந்து விழும். அந்தப் பங்கைக் கழிக்காவிட்டால் தோரியமே யுரேனியமாகத் தெரியும். கதிரை உணரும் சோடியம் அயோடைடு படிகத்தின் வெப்பநிலை மாறினால், எண்ணிக்கை குவியும் உச்சிகளும் நகரும். காலையில் ஒருமுறை, வெயில் ஏறியபின் ஒருமுறை, சோதனைக்கென வைத்திருக்கும் சீசியம்-137இன் 662 கே.இ.வி. உச்சி தன் இடத்தில் நிற்கிறதா என்று சரிபாருங்கள்.

குழிக்குள் வைத்து எடுத்த அளவைத் தட்டைத் தரையில் எடுத்ததோடு ஒப்பிடக்கூடாது. குழியில் நாலாபுறமும் பாறை சூழ்ந்திருப்பதால், அதே பாறை ஏறக்குறைய இரு மடங்கு காட்டிவிடும்.

மழை விட்டதும் அளக்கப் போகாதீர்கள். யுரேனிய வரிசையில் பிறந்து காற்றில் கலந்திருந்த ரேடான் வாயுவின் வழித்தோன்றல்களை மழை தரையில் இறக்கிவிடும். யுரேனியப் பட்டை பொய்யாக உயரும். அந்த வழித்தோன்றல்களில் ஈயம்-214க்கு அரை ஆயுள் 27 நிமிடம், பிஸ்மத்-214க்கு 20. மூன்று மணி நேரத்தில் இது அடங்கும். ஆனால் ஊறிய மண் கதிரை விழுங்குவதால், பிறகு அளவு குறைவாகக் காட்டும். மண் காயும்வரை பொறுப்பதே நல்லது.

அரை மீட்டர் மண் மூடியிருந்தாலே கீழேயுள்ள பாறையின் காமா ஏறக்குறைய மறைந்துவிடும். அங்கே, மண் வழியே மேலேறும் ரேடானை அளக்க, ஆல்ஃபாத் தடம் பதியும் பிலிமைக் கிண்ணத்தில் ஒட்டி, கவிழ்த்துப் புதைத்து, சில வாரம் கழித்து எடுப்பார்கள். கிண்ணத்தின் வாயில் சவ்வு கட்ட மறக்கவேண்டாம்: ரேடானுக்கு 3.8 நாள் அரை ஆயுள், தோரியத்திலிருந்து வரும் தோரானுக்கு 56 வினாடிதான். சவ்வைக் கடப்பதற்குள் தோரான் பெரும்பாலும் அழிந்துவிடும்.

கடைசியாக, பணத்தை வீணாக்கும் தவறு: தோண்டிய துளையின் காமா அளவையே யுரேனியத் தரம் என்று எழுதுவது. நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு போய், பிஸ்மத்-214ஐத் தரும் ரேடியம் மட்டும் தங்கியிருந்தால் மீட்டர் பலமாகக் கத்தும். கல்லில் சரக்கு இருக்காது. அண்மைக் காலத்தில் படிந்த கால்கிரீட் (சுண்ணாம்பு இறுகிய) படிவுகளில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: சரக்கு இருந்தும் மீட்டர் பெரிதாகக் கத்தாது. அதனால் துளைக் கல்லை வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். சத்தம் போட்ட துண்டுகளோடு சத்தமில்லாதவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள்.