நாள்பட்ட அரிப்பு: வாழ்க்கைத் தரத்தை அளக்கும்போது நடக்கும் தவறுகள்

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் கேள்வித்தாளை வாசித்துக்கொண்டிருந்தேன். "போன ஏழு நாளுல தோல் வருத்தத்தால வேலைக்குப் போக முடியாமப் போச்சா அக்கா?"

"இல்ல தம்பி, ஒரு நாளும் நிக்கல."

பூஜ்யம் போட்டேன். எழும்பும்போது அவரே சொன்னார்: "போறதுக்குப் போறேன். இடுப்புல படங்கு உரசுற இடத்தைச் சொறிஞ்சுக்கிட்டே நின்னா கூடை எங்க நெறையும்? ரெண்டு நாள் அரைப்பேர்தான்."

படங்கு என்பது கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த துணி; அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. தவறு என்னுடையது. நான் வாசித்தது டி.எல்.கியூ.ஐ. (DLQI) எனப்படும் தாள், தோல் வருத்தம் வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்று அளப்பது, 1994இல் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் இருவரும் உருவாக்கியது. பத்துக் கேள்விகள், மொத்தம் 30 புள்ளி. வேலை பற்றிய ஏழாவது கேள்விக்கு இரண்டு பாகம் உண்டு. வேலை நின்றுபோனால் 3 புள்ளி. நிற்கவில்லை என்றால், வேலைக்கு எவ்வளவு தொந்தரவு என்று கேட்டு 2, 1, 0 இட வேண்டும். நாட்கூலிக்காரர் அரிப்புக்காக வேலையை விடமாட்டார். இரண்டாம் பாகத்தைத் தாண்டிப் போனால் அவருடைய கஷ்டம் தாளில் ஏறவே ஏறாது.

இதற்காக, "பறித்த கிலோ குறைந்ததா?" என்று நாமே ஒரு கேள்வியைச் சேர்த்து மொத்தத்தில் கூட்டவும் கூடாது. கூட்டினால் வேறெங்கும் எடுத்த புள்ளியோடு ஒப்பிட முடியாது. தாளை உள்ளபடி கேளுங்கள். கிலோவையும் அரைப்பேரையும் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். என்னைக் கேட்டால், அந்தப் பக்கக் குறிப்பு புள்ளிக்குக் குறைந்ததல்ல.

"பொருந்தாது" என்ற பதிலிலும் கவனம் வேண்டும். விளையாட்டுக்குத் தடையா என்ற கேள்விக்கு அந்த அக்கா என்ன சொல்வார்? பொருந்தாது என்பார், அதற்கும் பூஜ்யம்தான். அப்படி மூன்று பதில் விழுந்தால் அவர் எடுக்கக்கூடிய உச்சமே 21. ஆகவே எத்தனை கேள்விகள் பொருந்தவில்லை என்பதையும் புள்ளியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தூக்கம் பற்றி இந்தத் தாளில் தனிக் கேள்வி கிடையாது. அரிப்புக்காரர் பலருக்குக் கெடுவதோ முதலில் அதுதான். கம்பளிக்குள் உடம்பு சூடேறியதும் அரிப்பு தொடங்கும். ஒரே காம்பராவில் (அறையில்) ஐந்தாறு பேர் படுக்கும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒருவர் சொறிந்தால் வீடே விழித்துக்கொள்ளும். தூக்கத்தையும் கேட்கும் தாள்கள் இருக்கின்றன. '5-டி' அரிப்பு அளவுகோல் அவற்றில் ஒன்று. அது போன இரண்டு வாரத்தைக் கேட்கும், டி.எல்.கியூ.ஐ. ஒரே வாரத்தைக் கேட்கும். இரண்டையும் ஒரே நாளில் எடுக்கும்போது காலத்தைக் குழப்பிவிடாதீர்கள். "போன ஞாயித்துக்கிழமையில இருந்து" என்று நாளைச் சொல்லிக் கேட்டால், "எப்பவுமே அப்படித்தான்" என்ற பொதுப் பதில் குறையும்.

தோலைப் பார்த்து மனசுக்குள் ஒரு புள்ளி போட்டுக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. சிறுநீரக நோயாளிக்குத் தோலில் தடிப்பே இல்லாமல் ராப்பகலாக அரிக்கலாம். பூஜ்யத்திலிருந்து பத்துவரை எவ்வளவு அரிக்கிறது என்று கேட்பது வேறு; அந்த அரிப்பு வாழ்க்கையில் எதையெல்லாம் கெடுத்தது என்று கேட்பது வேறு. ஒன்றைக் கேட்டு இன்னொன்றுக்குக் கணக்கு எழுத முடியாது.

"சொறி இருக்கா?" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஒட்டுவாரொட்டி என்ற பொருள் வந்துவிடும், பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) குழந்தையை எடுக்கமாட்டார்களோ என்ற பயமும் கூட வரும், உடனே வாய் மூடிக்கொள்ளும். "அரிக்குதா, நமநமங்குதா?" போதும்.

ஒன்பதாவது கேள்வி தாம்பத்தியம் பற்றியது. லயத்து வாசலில், மாமியார் பக்கத்தில் இருக்க அதைக் கேட்டால் கிடைக்கும் "இல்லை"க்கு மதிப்பில்லை. மகனை மொழிபெயர்க்க வைத்தும் கேட்கக் கூடாது. டிஸ்பென்சரியில் ஓர் அறையைக் கேட்டு வாங்குங்கள். பெண்ணிடம் பெண்ணே கேட்கட்டும்.

மருந்து கொடுத்து மறுபடி அளக்கும்போது 14 என்பது 12 ஆகிவிட்டால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இந்தத் தாளில் குறைந்தது 4 புள்ளி மாறினால்தான் நோயாளி உணரக்கூடிய மாற்றமென்று கொள்வார்கள். எந்தக் கேள்வியில் குறைந்தது என்றும் பாருங்கள். அந்த அக்காவுக்கு ஏழாவது கேள்வி அசையாமல் அப்படியே நின்றால், அவருக்கு இன்னும் அரைப்பேர்தான் விழுந்துகொண்டிருக்கக்கூடும்.