தெற்கு ஆஸ்திரேலிய எல்லைக்கு முந்தைய இரவே பழங்களைச் சமைத்துவிடுங்கள்

கேரவனில் விக்டோரியா மாநிலத்திலிருந்து தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குப் போகும் தம்பதியர், எல்லைக்கு முன் வரும் மில்டியூரா ஊரில் தங்கும் இரவே மிச்சமிருக்கும் தக்காளி, கத்தரிக்காய், குடைமிளகாய், ஆப்பிள் எல்லாவற்றையும் சமைத்துவிடுங்கள். தொக்கு, கூட்டு, வேகவைத்த பழம், எதுவானாலும் சரி. மறுநாள் ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் யாம்பா சோதனைச் சாவடி வரும். அங்கே சமைக்காமல் பச்சையாக இருப்பதைக் கொட்டிவிட வேண்டும். மறைத்துக் கொண்டுபோனால் அபராதம்.

காரணம் பழ ஈ. அது தோலுக்கு அடியில் முட்டையிடுவதால் வெளியே பார்த்தால் தெரியாது. யாம்பாவைத் தாண்டினால் ரென்மார்க் பக்கம் ஆரஞ்சுத் தோட்டங்கள். ஒரே ஒரு புழுத்த பழம் போதும், பல குடும்பங்களின் பிழைப்பு கெட்டுவிடும். நன்றாக வேகவைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும், அதனால்தான் சமைத்ததை அனுமதிக்கிறார்கள். தோல் சீவி நறுக்கி வைப்பது மட்டும் போதாது.

மெல்பர்னிலிருந்து லேக்ஸ் என்ட்ரன்ஸ், ஈடன் வழியாகக் கடற்கரையோரம் சிட்னி போகிறவர்களுக்கு இந்த வேலை தேவையில்லை. மவுன்ட் கேம்பியர் வழியாகத் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகிறவர்களுக்கோ, யாம்பா போன்ற சாவடி வழியில் இல்லாவிட்டாலும், சட்டம் அதேதான்.